பீரோவிலேயே நொறுங்கிய ஓட்ட ஷூ: மதுரையில் நடந்த ஒரு மறுகட்டு

பின்னணி

ஷூவுக்குச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். வயது எழுபதைத் தாண்டியவர். வீடு மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துக்கு நடந்து போகிற தூரத்தில். பணியில் இருந்த காலம் முழுக்க வெள்ளைக் கான்வாஸ் ஷூதான் போட்டார். வாரக் கடைசியில் துவைத்து, வெள்ளைப் பூச்சு பூசி, வெயிலில் காயவைத்து, திங்கட்கிழமை அசெம்பிளிக்குப் போட்டுக்கொண்டு போவார்.

அவரிடம் 1500 மீட்டர் ஓடப் பழகிய மாணவர் ஒருவர் பிற்பாடு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனார். 2005இல் ஊருக்கு வந்தபோது வாத்தியாருக்கு ஒரு ஜோடி ஓட்ட ஷூ வாங்கி வந்தார். 1980களின் கடைசியில் வெளிவந்த மாடல். அதே கம்பெனி பழைய அச்சிலேயே திரும்பத் தயாரித்தது. சாம்பல் நிற நைலான் வலை, மேலே நீல ஸ்வேட் தோல் பட்டைகள், வெள்ளை அடிப்பாகம். கம்பெனியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. நடந்தது ஒரு கம்பெனியின் குறையால் அல்ல, அந்த மூலப்பொருளின் குணத்தால். அந்தத் தலைமுறையின் எத்தனையோ ஓட்ட ஷூக்களுக்கு இது பொருந்தும்.

ஷூ அவருக்கு அவ்வளவு பிடித்துப்போனதால் தினசரி போட மனம் வரவில்லை. ஆண்டு விளையாட்டு விழாவுக்கு மட்டும் போட்டார். 2010இல் ஓய்வு பெற்ற பிறகு துடைத்து, பழைய பேப்பர் திணித்து, பாலித்தீன் கவரில் சுற்றி, அட்டைப் பெட்டியோடு பீரோவின் மேல் தட்டில் வைத்துவிட்டார். ஷூவோடு வந்த சிலிக்கா பொட்டலமும் இரண்டு அந்துருண்டைகளும் உள்ளேயே இருந்தன. அந்த பீரோ இருப்பது மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில். இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

நடந்தது

2023 ஜனவரியில் பழைய மாணவர்கள் பள்ளி மைதானத்தில் கூடினார்கள். வாத்தியார் பதிமூன்று வருடம் கழித்து அந்த ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டு போனார். வெளிப்பார்வைக்கு அது புத்தம்புதிதாக இருந்தது. மாணவர்களோடு சேர்ந்து மைதானத்தை மெல்லோட்டமாகச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் வலது குதிகால் திடீரென்று உள்வாங்கியது. பக்கத்தில் ஓடியவர் தோளைப் பிடித்ததால் கீழே விழவில்லை. கணுக்கால் சற்றே பிசகி, சில நாள் வீக்கம் இருந்தது. செம்மண்ணில் அவர் ஓடி வந்த வழி நெடுகிலும் வெள்ளைத் துகள்கள் கிடந்ததாக மாணவர்கள் சொன்னார்கள்.

அடுத்த வாரம் அவருடைய மகள் அந்த ஜோடியை மஞ்சப்பையில் போட்டு எங்கள் கடைக்குக் கொண்டுவந்தார். டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில், தோல் பொருளும் ஷூவும் பழுது பார்க்கிற சின்னக் கடை. வேலை செய்கிற பெரியவருக்கு இந்தத் தொழிலில் நாற்பது வருட அனுபவம்.

"அண்ணே, இதை எப்படியாவது பழையபடி பண்ணிக் குடுங்க. அப்பா தூக்கிப்போட விடமாட்டேங்குறாக. கண்ணாடிப் பொட்டியில வச்சிரலாம்னு நான் நினைக்கிறேன்" என்றார் மகள்.

பெரியவர் ஷூவைக் கையில் வாங்கிக் குதிகாலை இரண்டு விரலால் அழுத்தினார். அழுத்திய இடம் குழிந்தது, திரும்பி எழவில்லை. "வாத்தியாரு என்னம்மா சொல்றாக? அவுகளும் பொட்டியிலதான் வைக்கச் சொல்றாகளா?" என்று கேட்டார். மகளிடம் பதில் இல்லை. வாத்தியாரையே அழைத்து வரச் சொன்னோம்.

இந்த ஷூ ஏன் இப்படிக் கட்டப்பட்டது

பழுது பார்ப்பதற்கு முன்னால், அதை வடிவமைத்தவர் எதற்காக எந்தப் பொருளை எங்கே வைத்தார் என்று தெரிந்திருக்க வேண்டும். அதனால் இந்தப் பகுதி கொஞ்சம் நீளம்.

ஓட்ட ஷூவில் மூன்று அடுக்குகள். காலைப் பிடித்துக்கொள்ளும் மேல்பாகம் அப்பர். தரையைத் தொடும் ரப்பர் அவுட்சோல். இரண்டுக்கும் நடுவில் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் மெத்தை மிட்சோல். கான்வாஸ் ஷூவில் இந்த நடு அடுக்கு பெயருக்குத்தான் இருக்கும். குதிகால் தரையில் மோதும் அதிர்ச்சி அப்படியே முழங்காலுக்கு ஏறும்.

இந்த நடு அடுக்கின் கதையில் பெரிய பெயர் பில் போவர்மேன். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் தடகளப் பயிற்சியாளர். 1964இல் தன் பழைய மாணவர் ஃபில் நைட்டோடு சேர்ந்து புளூ ரிப்பன் ஸ்போர்ட்ஸ் என்ற நிறுவனத்தை (பின்னாளில் நைக்கி ஆனது இதுதான்) தொடங்கி, ஜப்பானின் ஒனிட்சுகா டைகர் ஷூக்களை இறக்குமதி செய்து விற்றார். ஒனிட்சுகா 1949இல் கோபே நகரில் கிஹாச்சிரோ ஒனிட்சுகா தொடங்கிய கம்பெனி. 1977இல் ஆசிக்ஸ் என்று பெயர் மாறியது. போவர்மேன் இறக்குமதியோடு நிற்கவில்லை. ஓட்டத்தால் கால் எலும்பில் விரிசல் கண்ட தன் மாணவர் கென்னி மூரின் ஷூவைப் பிரித்துப் பார்த்து, அதில் எங்கே தாங்கல் இல்லை என்று கண்டுபிடித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் குதிகாலில் தடிமனாகவும், விரல் வரை நீளமாகவும் ஓடும் பஞ்சு அடுக்கு. அந்த வடிவம் ஒனிட்சுகாவின் தயாரிப்பாக முதலில் வந்து, இரு தரப்பும் பிரிந்த பின் 1972இல் நைக்கி கார்டெஸ் ஆனது. வழக்கு நீதிமன்றம் வரை போனது. இரண்டு கம்பெனிகளும் அந்த வடிவத்தை விற்கலாம் என்றும், கார்டெஸ் என்ற பெயர் நைக்கிக்கு என்றும் முடிந்தது. ஒனிட்சுகாவின் ஷூ கோர்சேர் என்ற பெயரில் இன்றும் கிடைக்கிறது.

1971இல் அதே போவர்மேன் வீட்டிலிருந்த வாஃபிள் சுடும் இரும்பு அச்சில் யூரித்தேனை ஊற்றிப் பார்த்தார். ஓரிகன் மைதானத்துக்குச் செயற்கைத் தளம் வந்திருந்தது; ஆணி இல்லாமலே அதில் பிடிப்புக் கிடைக்க வேண்டும் என்பது அவருடைய தேவை. அந்தச் சோதனையிலிருந்து வந்த சதுரக் குமிழ் அடிப்பாகத்தோடு 1974இல் வாஃபிள் டிரெய்னர் விற்பனைக்கு வந்தது. எங்கள் கைக்கு வந்த ஷூவின் அவுட்சோலிலும் அந்தக் குமிழ்களின் வாரிசுகளைப் பார்க்கலாம்.

1970களின் நடுவில் புரூக்ஸ் கம்பெனியின் வில்லனோவா ஷூ ஈ.வி.ஏ. என்ற பஞ்சைக் கொண்டுவந்தது. எத்திலீன் வினைல் அசிட்டேட் என்பதன் சுருக்கம். நம் ஊர் ரப்பர் செருப்பு வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த பொருள்தான். எடை மிகக் குறைவு. ஆனால் திரும்பத் திரும்ப மிதிபட்டால் தட்டையாகிவிடும். தினம் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவர் சில மாதங்களில் குதிகால் மெத்தையை இழந்துவிடுவார்.

அதற்குக் கிடைத்த பதில் பாலியூரித்தேன். ஈ.வி.ஏ.வைவிடக் கனம், ஆனால் ஆயிரக்கணக்கான மிதிக்குப் பிறகும் எழுந்து நிற்கும். 1978இல் வந்த நைக்கி டெய்ல்விண்ட், ஃபிராங்க் ரூடி கண்டுபிடித்த காற்றுப் பையைப் பாலியூரித்தேன் பஞ்சுக்குள் புதைத்து வைத்தது. 1987இல் ஏர் மேக்ஸ் 1. அதை வடிவமைத்த டிங்கர் ஹாட்ஃபீல்ட் கட்டடக்கலை படித்தவர். குழாய்களும் இரும்புச் சட்டங்களும் வெளியே தெரியும்படி கட்டப்பட்ட பாரிஸ் பாம்பிடூ மையத்தைப் பார்த்த தாக்கத்தில், மிட்சோலில் ஜன்னல் வெட்டி உள்ளே இருக்கும் காற்றுப் பையை வெளியே காட்டினார். நியூ பேலன்ஸ் தன் என்கேப் முறையில் ஈ.வி.ஏ. பஞ்சைச் சுற்றிப் பாலியூரித்தேன் விளிம்பு வைத்தது. ஆசிக்ஸ் 1986 முதல் ஜெல் பைகளை வைத்தது. 1990இல் ஷிகேயுகி மிட்சுய் வடிவமைத்த ஜெல் லைட் 3இல் லேஸுக்கு அடியில் இருக்கும் நாக்கை இரண்டாகப் பிளந்து, அது பக்கவாட்டில் நழுவாமல் செய்தார்.

எங்களிடம் வந்த ஷூ அந்த 80களின் சிந்தனையில் பிறந்தது. அடி அதிகம் வாங்கும் குதிகாலில் பாலியூரித்தேன். எடை குறைய வேண்டிய முன்பாதத்தில் ஈ.வி.ஏ. ஓடுகிறவரின் கண்ணோடு பார்த்தால் மிக நல்ல முடிவு. ஒரு வருடம் நன்றாக ஓடி, தேய்ந்ததும் அடுத்த ஜோடி வாங்குபவருக்காக அது வடிவமைக்கப்பட்டது. பதினெட்டு வருடம் பத்திரப்படுத்துகிற ஒருவரை அந்த வடிவமைப்பாளர் கற்பனை செய்திருக்க மாட்டார்.

பிரித்துப் பார்த்தபோது

நாக்கின் உள்பக்க லேபிளில் தயாரிப்பு 2004 என்று இருந்தது. அப்பருக்கு ஒரு குறையும் இல்லை: நைலான் கிழியவில்லை, ஸ்வேட் லேசாக வெளுத்திருந்தது, தையல் எல்லாம் உறுதி. அவுட்சோல் ரப்பர் சற்று இறுகியிருந்தாலும் வளைத்தால் வெடிக்கவில்லை.

குதிகால் மிட்சோல்தான் போயிருந்தது. வெளியே பூசிய வெள்ளைப் பெயின்ட் ஒரு தோலைப்போல அதைப் போர்த்தியிருந்ததால்தான் பார்வைக்கு நல்லதாகத் தெரிந்தது. பெயின்டைக் கத்தி நுனியால் கீறினால் உள்ளே பழுப்பு மஞ்சளில், நமுத்துக் காய்ந்த ரஸ்க் போல உதிர்ந்தது. அவுட்சோலை ஒட்டிய அடிப்பக்கத்தில் மட்டும் உதிராமல் பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. புளித்த வாடை. வலது காலில் குதிகால் முழுக்கப் போயிருந்தது. இடது காலில் உள்பக்க ஓரத்தில் மட்டும் ஒரு துண்டு உருக்குலையாமல் நின்றது. அதை அளந்துதான் குதிகாலின் பழைய உயரத்தைத் தெரிந்துகொண்டோம்.

முன்பாதத்து ஈ.வி.ஏ.வை அழுத்தினால் எழும்பியது. நிறம் மட்டும் மஞ்சளாகியிருந்தது. ஒரே பெட்டி, ஒரே வருடங்கள், ஒரே வெக்கை. அப்படியும் பின்பாதி மண், முன்பாதி உயிரோடு. இந்தத் தொழிலுக்கு வருகிற இளைஞர்களுக்குக் காட்ட இதைவிடத் தெளிவான மாதிரி எனக்குக் கிடைத்ததில்லை.

ஏன் நொறுங்கியது

வாத்தியார் பழியை அந்துருண்டை மேல் போட்டார். அந்துருண்டைதான் காரணம் என்று சொல்ல எங்களுக்கு எந்த அடையாளமும் தெரியவில்லை. காரணம் ஈரம்.

ஷூக்களில் பயன்படுத்திய பாலியூரித்தேனில் பெரும்பகுதி பாலியெஸ்டர் வகை. அதன் சங்கிலியில் உள்ள எஸ்டர் பிணைப்புகளை நீர் மூலக்கூறு வெட்டும். தண்ணீரில் நனைய வேண்டியதில்லை, காற்றில் இருக்கும் ஈரமே போதும். வெட்டுப்படும்போது அமிலம் உண்டாகும். அந்த அமிலம் அடுத்த பிணைப்பை இன்னும் வேகமாக வெட்ட உதவும். ஆகவே முதல் சில வருடம் ஒன்றும் தெரியாது, பிறகு வேகம் பிடிக்கும். சூடு இந்த வேலையைத் துரிதப்படுத்தும். பாலியீதர் வகை இந்த ஈரத்தை நன்றாகவே தாங்கும், ஆனால் எந்த ஷூவில் எது இருக்கிறது என்று பெட்டியில் எழுதியிருக்காது.

மதுரையில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தொடும். மொட்டை மாடிக்குக் கீழ் அறையில், மூடிய இரும்பு பீரோவுக்குள், ராத்திரியிலும் அந்தச் சூடு இறங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரம் ஏறும். பாலித்தீன் கவர் ஈரத்தைத் தடுக்கும் என்று நினைத்துத்தான் அவர் சுற்றினார். உள்ளே ஏற்கெனவே இருந்த ஈரம், உண்டான அமிலம் எல்லாவற்றையும் அது வெளியேற விடாமல் பிடித்துவைத்தது. சிலிக்கா பொட்டலம் கொஞ்ச காலத்திலேயே தன் கொள்ளளவு ஈரத்தைக் குடித்து நிறைந்திருக்கும். அதன்பிறகு அது வெறும் மணல் பொட்டலம். திணித்திருந்த பேப்பரும் ஈரம் பிடித்திருந்தது.

கவனமாகப் பார்த்துக்கொண்டதுதான் கெடுத்தது என்று அவரிடம் சொல்வது எங்களுக்குக் கடினமாக இருந்தது. சொல்லத்தான் வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் சரிசெய்து கொடுப்பதையும் அதே கவரில் சுற்றி வைத்திருப்பார்.

யாருக்காக, எதற்காக

கடையில் வாத்தியாரும் மகளும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தார்கள். மகள் கண்ணாடிப் பெட்டி யோசனையைத் திரும்பவும் சொன்னார்.

"காட்சிக்கு வைக்கவா அந்தப் பய வாங்கிட்டு வந்தான்? 'சார், இதைப் போட்டு ஓடுங்க'ன்னுல்ல குடுத்தான். நாந்தான் ஓடாம வச்சிட்டேன்" என்றார் வாத்தியார்.

"அன்னைக்கு விழுந்திருந்தா என்னப்பா ஆகியிருக்கும்?"

"சரி, ஓடல. நடக்கிறேன். தெப்பக்குளத்தைச் சுத்தி நடக்கிறேன்."

இந்தப் பேச்சில்தான் எங்களுக்கு வேண்டிய தகவல் கிடைத்தது. ஷூ நடக்கத் தகுந்ததாக வேண்டும்; ஓட வேண்டியதில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் ஷூவுக்குள் ஒரு மடிப்பு, ஒரு தையல் முனை கூடப் புண்ணில் கொண்டுபோய் விடும். வலி தெரியாததால் கவனிக்கவும் மாட்டார்கள். அதனால் பாத உணர்ச்சியைப் பார்த்து மருத்துவர் சரி என்ற பிறகே வேலையைத் தொடங்குவோம் என்று சொல்லிவிட்டோம். நைலான் இழையால் பாதத்தில் தொட்டுப் பார்க்கும் சோதனை அது. ஐந்து நிமிட வேலை. உணர்ச்சி நன்றாக இருக்கிறது என்று முடிவு வந்தது.

முன்னால் மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, மகள் கேட்டதுபோல் காட்சிப் பொருளாக்குவது. உதிர்ந்ததை வழித்துவிட்டு, கடினமான ஏதாவது ஒன்றை வைத்து நிரப்பி, பெயின்ட் அடித்தால் போதும். மலிவு. வாத்தியாரின் விருப்பத்துக்கு நேர் எதிர்.

இரண்டாவது, அதே மாடலின் புதிய ஜோடி ஒன்றை வாங்கி, அதன் அடிப்பாகத்தைக் கழற்றிப் பழைய அப்பரில் ஒட்டுவது. பழைய ஷூக்களைச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் செய்வது இதுதான். பார்வைக்கு மிகச் சரியாக அமையும். அந்தச் சிங்கப்பூர் மாணவர் செலவைத் தான் ஏற்பதாகவும் சொன்னார். நாங்கள் வேண்டாம் என்றதற்கு இரண்டு காரணங்கள். ஒரு நல்ல புது ஷூவைக் கொன்றுதான் இதைச் செய்ய முடியும். அதோடு, புதிய ஜோடியின் குதிகாலும் பாலியூரித்தேன்தான். அதன் வயது நாம் ஒட்டுகிற நாளிலிருந்து தொடங்காது, தொழிற்சாலையில் வார்த்த நாளிலேயே தொடங்கிவிட்டது.

மூன்றாவது, பழைய அவுட்சோலையும் முன்பாதத்தையும் வைத்துக்கொண்டு, குதிகாலை மட்டும் ஈ.வி.ஏ. ஷீட்டில் கையால் கட்டுவது. பெரியவர் முதலில் எம்.சி.ஆர். போடலாம் என்றார். தொழுநோயாளிகள், சர்க்கரை நோயாளிகள் செருப்பில் போடுகிற மெத்தென்ற மைக்ரோசெல்லுலர் ரப்பர் அது. நம் பக்கத்தில் தாராளமாகப் புழங்குகிறது. மெல்லிய மேல் அடுக்காக அது அருமையான பொருள். குதிகால் உயரம் முழுவதையும் அதில் கட்டினால் அழுந்தி ஒருபக்கம் சாயும், கனமும் கூடும். ஆகவே தாங்கும் பகுதி கொஞ்சம் கெட்டியான ஈ.வி.ஏ.வில், பாதம் படும் இன்சோல் எம்.சி.ஆரில் என்று முடிவானது.

ஈ.வி.ஏ. தட்டையாகும் என்பதைத் தெரிந்தே எடுத்த முடிவு இது. தட்டையாவது மெதுவாக நடக்கும், கண்ணுக்கும் காலுக்கும் தெரியும், மாற்றலாம். பாலியூரித்தேன் உள்ளே உதிர்வது வெளியே தெரியாது, ஒருநாள் காலை வாரிவிடும். எழுபது வயதுக்காரருக்கு எது வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கவில்லை.

வேலை

அவுட்சோலை அப்பரிலிருந்து பிரிக்க வெந்நீர்ச் சூடு அளவுக்குக் காற்றுச் சூடு காட்டினோம். அதிகம் போனால் நைலான் சுருங்கிவிடும். இன்சோலைத் தூக்கியதும் அப்பர் ஒரு துணிப் பலகையில் சுற்றித் தைக்கப்பட்டிருந்தது தெரிந்தது. தையல் நன்றாக இருந்தது. அது இருந்தால்தான் ஒட்டுவதற்கு ஒரு தளம் கிடைக்கும். இற்றுப்போயிருந்தால் இந்த வேலையே வேறு மாதிரி போயிருக்கும்.

உதிர்ந்ததை மரக்குச்சியாலும் பிரஷாலும் வழித்து, பிசுபிசுப்பை அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்தோம். ஸ்வேட் மேல் ஒரு சொட்டுப் பட்டாலும் சாயம் கிளம்பும் என்பதால் அப்பரைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டோம்.

குதிகால் வெட்டுவதுதான் பெரியவரின் கைவேலை. இடது காலில் மிஞ்சிய துண்டை வைத்து அட்டையில் ஒரு மாதிரி வெட்டினார். குதிகால் தரையிலிருந்து நிற்கும் உயரத்துக்கும் முன்பாத உயரத்துக்கும் 12 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தது. அந்தக் காலத்து ஓட்ட ஷூவுக்கு அது சகஜமான அளவு. இரண்டு ஷீட்டை ஒட்டி, முன்னால் போகப்போகக் கத்தியால் சீவி ஆப்பு வடிவம் கொண்டுவந்தார். பழைய ஈ.வி.ஏ.வைத் தொடும் இடத்தில் நேர்க்கோடாக வெட்டாமல் ஒன்றரை அங்குல நீளத்துக்குச் சரித்து வெட்டினார். நேராக வெட்டினால் நடக்கும்போது பாதம் மடிகிற ஒவ்வொரு முறையும் அந்த ஒட்டு வாய் திறக்கும். சரித்தால் ஒட்டுப் பரப்பு கூடும், மடிப்பின் இழுவை ஒரே கோட்டில் விழாது. இதை அவருக்கு எந்த வடிவமைப்புப் புத்தகமும் சொல்லித் தரவில்லை. டயர் செருப்பு தைத்த காலத்தில் கற்றது.

ஈ.வி.ஏ. வழவழப்பான பொருள், பசை எளிதில் பிடிக்காது. உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசி, காய்ந்த பின் பாலியூரித்தேன் பசை இரண்டு மெல்லிய பூச்சு, இரண்டு பக்கமும். தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்ததும் லேசாகச் சூடு காட்டி, கால் வடிவக் கட்டையில் ஏற்றி அழுத்தி, கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒருநாள் முழுக்க வைத்தோம்.

வெளிப்பக்கத்துக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கலாமா என்று மகள் கேட்டார். வேண்டாம் என்றோம். மறுபடி உள்ளே ஏதாவது கெட்டால் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். புதிய ஷீட்டின் வெண்மைக்கும் பழைய முன்பாதத்தின் மஞ்சளுக்கும் நடுவே சரிவாக ஒரு கோடு ஓடியது. வாத்தியார் அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "தெரியட்டும்ப்பா" என்றார்.

பிறகு நடந்தவை

முதலில் வீட்டுக்குள், பிறகு தெரு, பிறகு தெப்பக்குளம் என்று படிப்படியாகப் போடச் சொல்லியிருந்தோம். மூன்று வாரம் கழித்து இடது குதிகாலின் வெளி ஓரம் ஒரு விரல்கடை அளவு வாய் திறந்தது. பிரித்ததில், ஈ.வி.ஏ. பக்கம் பசை உறுதியாகப் பிடித்திருந்தது. அவுட்சோல் பக்கம்தான் விட்டிருந்தது. ரப்பரின் மேல் மறுபடி ஒரு மெல்லிய எண்ணெய்ப் பசை. பாலியூரித்தேன் சிதைந்த திரவம் பல வருடமாக ரப்பருக்குள் ஊறியிருந்ததால், மேலே துடைத்த பின்னும் உள்ளிருந்து கசிந்திருக்கிறது. ரப்பரின் மேல் தோல் போகும்வரை தேய்த்து, சில நாள் காற்றாட விட்டு, திரும்பத் துடைத்து, ரப்பருக்கான தனிப் பிரைமர் போட்டு ஒட்டினோம். வலது காலையும் திறந்து அப்படியே செய்தோம். அதன்பிறகு ஒட்டு விடவில்லை.

2024இல் கோடை முடிந்ததும் அளந்து பார்த்தோம். வாரத்தில் மூன்று நான்கு நாள் நடந்த பிறகு குதிகால் உயரம் 2 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. வெளி ஓரம் சற்று அதிகமாக அழுந்தியிருந்தது. அவருடைய நடையே அப்படி. எம்.சி.ஆர். இன்சோலை ஒருமுறை மாற்றினோம். பாதத்தில் புண், கொப்புளம் எதுவும் இல்லை. ஷூ இப்போது பீரோவில் இல்லை, வாசல் பக்கம் நிழலில், திறந்த தட்டில் இருக்கிறது.

அந்த வருட விளையாட்டு விழாவுக்கு இதைப் போட்டுக்கொண்டு போய், 1500 மீட்டருக்குக் கொடியசைத்துத் தொடக்கி வைத்தார். ஓடவில்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கு அது.

எங்கள் முறையில் மாறியவை

நீண்ட நாள் கிடந்த ஓட்ட ஷூ எது வந்தாலும் முதலில் விரலால் அழுத்திப் பார்க்கிறோம். பிறகு முகர்ந்து, பெயின்டுக்கு அடியில் கண்ணில் படாத ஒரு மூலையில் கீறிப் பார்க்கிறோம். ரசீதில் "போடவா, வைக்கவா" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். ஷூவைக் கொண்டுவருபவரும் போடப்போகிறவரும் வேறு ஆளாக இருந்தால் போடப்போகிறவரைப் பார்க்காமல் கத்தி எடுப்பதில்லை.

பாலியூரித்தேன் சிதைந்த ஷூவில் பழைய அவுட்சோலைத் திரும்பப் பயன்படுத்துவதாக இருந்தால், சுத்தம் செய்த பின் ஒரு வாரம் சும்மா போட்டுவைத்து, பிசுபிசுப்பு திரும்ப வருகிறதா என்று பார்த்த பிறகே பசை தொடுகிறோம். வாடிக்கையாளருக்கு இது தாமதமாகப் படும். காரணத்தைச் சொன்னால் ஒப்புக்கொள்கிறார்கள். ஷூ வாங்கி வைத்திருப்பவர்களுக்குச் சொல்வது: நாக்கின் உள்ளே தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், பாலித்தீனில் சுற்றாதீர்கள், சிலிக்கா பொட்டலத்தை நம்பி வருடக்கணக்கில் விடாதீர்கள், பிடித்த ஷூ என்றால் போட்டு நடந்துவிடுங்கள். பத்து வருடம் தாண்டிய ஜோடியை எடுத்தவுடன் ஓட்டத்துக்குப் போக வேண்டாம்.

வாத்தியாரின் குதிகாலுக்கு வெட்டிய அட்டை மாதிரியும், அதே ஷீட்டில் மிஞ்சிய துண்டும் அவருடைய அளவு எழுதி கடையில் இருக்கின்றன. குதிகால் இன்னும் 2 மில்லிமீட்டர் இறங்கியதும் அடுத்த ஜோடி ஆப்பு வெட்டுவதாகப் பேச்சு.